சுருக்கி எழுதுக

சாரெலின் குடும்பப் பெயர் கோலியாத், வேதாகமத்தில் தாவீது கல்லெறிந்து கொன்ற ராட்சதனின் பெயர். ஆள் என்னவோ, பஸ்ஸின் ஸ்டியரிங்குக்கு மேலே தலை தெரிந்தால் போதும் என்கிற உயரம்தான். அதை வைத்து ஊரார் கேலி செய்வதற்கு முன்பே அவரே செய்துவிடுவார். "தாவீது கல்லை எறிஞ்சப்ப நான் குனிஞ்சிட்டேன், அதான் இன்னும் உசிரோட இருக்கேன்" என்பார். அவருடைய சிற்றூரான க்ளைன்பொஸ்ஸில் கல்யாணமோ, ஐம்பதாவது பிறந்தநாளோ, தேவாலயத்துச் சந்தையோ, எதுவானாலும் மைக் அவர் கைக்குத்தான் போகும். சாவு வீட்டில்கூட அடக்கம் முடிந்து எல்லோரும் தேநீரும் ரொட்டியுமாக நிற்கும்போது செத்தவரைப் பற்றி ஒரு கதையை எடுத்துவிடுவார். மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும் விதவை கைக்குட்டைக்குள்ளேயே சிரிப்பாள். அவர்கள் தாய்மொழியான ஆஃப்ரிகான்ஸ் அவர் நாக்கில் அப்படிப் புரளும்.

அந்த சாரெல் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் தேறி, ஆஃப்ரிகான்ஸில் மட்டும் தோற்றுப்போனார்.

ஐம்பது வயதுக்கு மேல் அவருக்குப் பரீட்சை எதற்கு என்றால், பஸ் கம்பெனியில் மேற்பார்வையாளர் ஓய்வு பெறப் போகிறார், அந்த இடத்துக்குப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சாரெலோ பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு திராட்சைத் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போனவர். அதன்பிறகு வாழ்நாளெல்லாம் மற்றவர் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டதோடு சரி. முதியோருக்கான மாலை வகுப்பில் சேர்ந்தார். வெளியூரிலிருந்து ஒரு வாத்தியார் வந்து நடத்தினார். கூடப் படித்தவர்கள் சுற்றுப்புறப் பண்ணைகளிலிருந்து வந்தவர்கள். பரீட்சை முடிந்ததும் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள்.

கணக்குதான் அவரை ஆட்டிப் படைத்தது. மனைவி டோரா கிளினிக்கில் நோயாளிகளுக்குப் பெயர் பதிகிறவள். அவள் வேலை முடிந்து வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்து, உருளைக்கிழங்கு உரித்தபடியே அவரைக் கேள்வி கேட்பாள். தப்பாகச் சொன்னால் தோலை அவர் மேல் எறிவாள்.

"ஆஃப்ரிகான்ஸ் புஸ்தகத்தை எப்ப எடுக்கப் போறே?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அதுக்கு எதுக்குப் படிப்பு? தாய்ப்பால் குடிக்கறதுக்கு யாராவது ட்யூஷன் போவாங்களா?"

டோரா விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் கிளினிக்கிலும் போய்ச் சொன்னாள்.

முடிவு கைபேசியில் வந்தபோது சாரெல் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மரத்து நிழலில் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தார். முதலில் கணக்கைத்தான் பார்த்தார். தேர்ச்சி. உயிரியல், தேர்ச்சி. ஆங்கிலம், வரலாறு, எல்லாமே தேர்ச்சி. கடைசியாக, தாய்மொழி ஆஃப்ரிகான்ஸ், தேர்ச்சி இல்லை. ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு என்று நினைத்து அணைத்துவிட்டு மறுபடி திறந்து பார்த்தார். அதையேதான் சொன்னது. காது மடல் இரண்டும் சுட்டன. சுற்றிலும் யாருமே இல்லை. ஆனாலும் யாராவது பார்க்கிறார்களா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் டோராவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தார். வேடிக்கையாகவே சொல்லிவிடலாம், "கணக்குல பாஸ், தாய்ப்பால்ல ஃபெயில்" என்று. அவள் சிரித்துவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும். நல்ல வாக்கியமாகத்தான் வந்திருந்தது. ஆனால் வாசலில் டோரா மட்டும் நிற்கவில்லை, அவள் தங்கையும் பக்கத்து வீட்டுக்காரர்களும் நின்றார்கள்.

"என்ன ஆச்சு? சொல்லு, சொல்லு!"

"கணக்குல பாஸ்" என்றார் சாரெல்.

அவ்வளவுதான். டோரா போட்ட கூச்சலில் தெருநாய்கள் குரைத்தன. தங்கை அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வேலிக்கு அந்தப்பக்கமிருந்து யாரோ, "கணக்கையே தாண்டிட்டாருப்பா!" என்று அடுத்த வேலிக்குச் சொல்லி அனுப்பினார்கள். டோரா அழுதாள். கல்யாணத்தன்றுகூட அழாதவள். வாக்கியத்தின் மறுபாதியைச் சொல்லச் சாரெலுக்கு இடமே கிடைக்கவில்லை. இந்தச் சத்தம் ஓயட்டும், சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். சாப்பாட்டுக்கு அப்புறம் காலையில் என்று நினைத்தார். காலையில் அவர் எழுவதற்குள் டோரா தன் தம்பிக்கு போன் போட்டு, பண்ணையிலிருந்து ஒரு செம்மறியாட்டுக்குச் சொல்லிவிட்டிருந்தாள்.

சனிக்கிழமை முற்றத்தில் கங்கு மூட்டி ஆட்டுக் கறியைச் சுட்டார்கள். கம்பி வலையில் ரொட்டி சுட்டார்கள். போதகர் ஏபெல்ஸ் வந்து, "பிந்தினோர் முந்தினோராவார்கள்" என்று ஜெபம் செய்தார். சாரெலைப் பேசச் சொன்னார்கள். கதை சொல்லிச் சொல்லியே ஒரு மணி நேரம் சிரிக்க வைத்தார். ஆஃப்ரிகான்ஸ் என்ற பேச்சு வந்த இடத்தில் மட்டும் சாமர்த்தியமாகத் தாண்டிப் போனார். டோரா வாங்கித் தந்த நீலச் சட்டை கழுத்தை அறுத்தது. அதற்குப் பிறகு எங்கே போனாலும் யாராவது முதுகில் தட்டினார்கள். கம்பெனியில் சான்றிதழ் கேட்டபோது, "அது ப்ரிட்டோரியாவிலேர்ந்து வரணும், மாசக்கணக்கா ஆகும்" என்றார்.

இதோடு நின்றிருந்தால்கூட அவரோடு போயிருக்கும். அடுத்த மாதம் போதகர், அந்த வருஷம் பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கூப்பிட்டார். மறுப்பதற்கு ஒரு காரணமும் வாய்க்கவில்லை. தேவாலயத்துக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அவர் பஸ்ஸில் வளர்ந்த பிள்ளைகள். எப்படி விடாமல் படித்தார், உருளைக்கிழங்குத் தோல் எப்படிப் பறந்தது என்றெல்லாம் சொன்னார். கூடம் அதிர்ந்தது.

அப்போது ரொவீனா ஃபெப்ருவாரி கையைத் தூக்கினாள். கூட்டுறவுக் கடையில் காசு வாங்கும் கத்திரீனாவின் மகள். பஸ்ஸில் எப்போதும் டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்காருகிறவள். ஜார்ஜ் நகரத்து நர்ஸிங் கல்லூரியில் அவளுக்கு இடம் வைத்திருந்தார்கள். தேறினால் போதும்.

"சாரெல் மாமா, ஆஃப்ரிகான்ஸ்ல அந்தச் சுருக்கி எழுதற கேள்வி வருமே, அதுக்கு எப்படிப் படிச்சீங்க? எனக்கு அதுலதான் மார்க் போகுது. கட்டுரையிலயும் எழுத்துப் பிழைன்னு சிவப்பா கிழிச்சு வெக்கறாங்க."

எல்லா முகங்களும் அவரையே பார்த்தன.

"அடி பொண்ணே, உங்கம்மா கடையில நின்னு ஆள்களைத் திட்டறாளே, அதுக்கு எந்தப் புஸ்தகத்தைப் பாத்துப் படிச்சா? நம்ம மொழி நம்ம ரத்தத்துல ஓடுது. நீ போய்க் கணக்கையும் அறிவியலையும் படி. ஆஃப்ரிகான்ஸை சும்மா விடு, அது தானா வரும்."

கைதட்டல் வந்தது. ரொவீனாவும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

ஜனவரியில் முடிவு வந்தது. ரொவீனா எல்லாவற்றிலும் தேறியிருந்தாள், ஆஃப்ரிகான்ஸைத் தவிர. நர்ஸிங் இடம் வேறு யாருக்கோ போனது. கூட்டுறவுக் கடையின் பின்கட்டில் சர்க்கரை எடைபோட்டுக் கட்டுகிற வேலைக்கு அவளைக் கத்திரீனா சேர்த்துவிட்டாள். சாரெலுக்கு விஷயம் பஸ்ஸிலேயே தெரிந்தது. பிள்ளைகள் பின்னால் பேசிக்கொண்டு வந்தார்கள்: "தாய்மொழியிலயே ஃபெயிலாம்டா!" பிரேக்கைக் கொஞ்சம் பலமாகவே மிதித்தார்.

ரொட்டி வாங்கக் கடைக்குப் போனபோது கத்திரீனா அவரைப் பார்த்ததும் குரலை உயர்த்தினாள். பின்கட்டுக்குக் கேட்க வேண்டுமே.

"வாங்க சாரெல்! இந்த ஊர்லயே மூளை இருக்கறவர் நீங்க ஒருத்தர்தான். பகல்பூரா பஸ் ஓட்டி, இந்த வயசுல பாஸ் பண்ணினீங்க. என் வீட்லயும் ஒண்ணு இருக்கே! மூணு வேளையும் சாப்பிட்டுப் படிச்சும் அம்மா பேசற பாஷையிலயே கோட்டை விட்டுட்டு வந்து நிக்குது."

பின்கட்டில் சர்க்கரை கொட்டுகிற சத்தம் நின்றது. சாரெல், "விடு கத்திரீனா, சின்னப் பொண்ணு" என்று முனகிவிட்டு வெளியே வந்தார். கதவைத் தாண்டிய பிறகுதான் ரொட்டியை மேசையிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. திரும்பிப் போகத் தைரியம் இல்லை.

அந்த வாரமே மறுபரீட்சைக்குப் பதிந்தார். க்ளைன்பொஸ்ஸில் இல்லை, மலைக்கு அந்தப்பக்கம், தன்னை யாருக்கும் தெரியாத அவுட்ஸ்ஹோர்னில். பழைய கேள்வித்தாள்களை வாங்கி, ரக்பி பத்திரிகைக்குள் மறைத்துவைத்து, காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டதிலிருந்து மத்தியானம் ஏற்றும்வரை பஸ்ஸிலேயே உட்கார்ந்து படித்தார். அப்போதுதான் தான் தோற்ற கதை அவருக்குப் புரிந்தது. 'கீழ்க்காணும் பத்தியின் கருத்துகளைச் சுருக்கி எழுதுக' என்ற கேள்விக்கு, பத்தியைவிட நீளமாக எழுதிவிட்டு வந்திருந்தார். தண்ணீரைச் சேமிப்பது பற்றிய பத்தி. மச்சான் ஆழ்துளைக் கிணறு தோண்டி உப்புத் தண்ணீர் வந்த கதையையும் சேர்த்து எழுதி, எழுத இடம் போதாமல் கை தூக்கிக் கூடுதல் தாள் கேட்டார். கேட்டபோது பெருமையாக வேறு இருந்தது.

எழுத்தும் அப்படித்தான். ஒரே மாதிரி ஒலிக்கிற இரண்டு எழுத்துகளில் எதைப் போடுவது என்று அவர் வாழ்நாளில் யோசித்ததே இல்லை. பேசும்போது அது எங்கே தெரியப் போகிறது? இல்லை என்று சொல்ல ஆஃப்ரிகான்ஸில் 'நீ' என்று ஒரு சொல். வாக்கியத்தில் அதை ஒருமுறை சொன்னால் போதாது, முடிவில் இன்னொரு முறையும் வைக்க வேண்டும். பேசும்போது தானாக விழும். எழுதும்போதோ, அவருடைய வாக்கியங்கள் ஊர் சுற்றிவிட்டு வந்து முடிவதற்குள் அந்த இரண்டாவது 'நீ' எங்கேயோ வழியில் தொலைந்துபோகும். கீழ்வகுப்புப் பிள்ளைகளின் எழுத்துப் புத்தகத்தைக் கடன் வாங்கி, பெரிய எழுத்தில் எழுதிப் பழகினார். பஸ் ஜன்னலோரம் ஆள் நடமாட்டம் தெரிந்தால் ரக்பிப் பத்திரிகையை மேலே இழுத்துக்கொண்டார். ஐம்பது வருஷமாகச் சேர்ந்து வாழ்ந்த ஒருத்தியின் முழுப் பெயர்கூடத் தெரியாமல் இருந்தது போல் வெட்கமாக இருந்தது.

ஜூன் மாதம், அங்கே குளிர்காலம். ஸ்வார்ட்பெர்க் மலை உச்சியில் பனி விழுந்திருந்தது. சுற்றுலாக்காரர் இருவரை நெருப்புக்கோழிப் பண்ணைக்கு ஏற்றிப் போகிறேன் என்று டோராவிடம் சொல்லிவிட்டுத் தன் பழைய காரில் கிளம்பினார். பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடத்தின் வாசலில், கைகளை ஊதிச் சூடாக்கிக்கொண்டு நின்ற கூட்டத்தில், பழைய பள்ளிக்கூட ஸ்வெட்டரோடு ரொவீனா நின்றுகொண்டிருந்தாள்.

"மாமா!" அவள் முகம் மலர்ந்துவிட்டது. "யாரையாவது கொண்டுவந்து விட்டீங்களா?"

"ஆமா... ஒரு வேலையா வந்தேன்."

"நல்லவேளை, தெரிஞ்ச முகம் ஒண்ணு. நம்ம ஊர்ல எழுதினா எல்லாரும் பாப்பாங்கன்னு இங்க பதிஞ்சேன் மாமா. சித்தி வீட்ல ராத்திரி தங்கினேன். எனக்காக வேண்டிக்குங்க, சரியா?"

"கண்டிப்பா வேண்டிக்கறேன்" என்றார். திரும்பி வீட்டுக்கே போய்விடலாமா என்று கார் வரை நடந்தார். சாவியைக்கூட எடுத்தார். மேற்பார்வையாளர் வேலையும், பஸ்ஸில் உட்கார்ந்து கழித்த அத்தனை பகல்களும் ஞாபகத்துக்கு வந்தன. எல்லோரும் உள்ளே போனபிறகு, கடைசி ஆளாக, தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தார். உள்ளே ஆங்கில அகர வரிசைப்படி பெயர் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஃபெப்ருவாரி, ரொவீனா."

அவள் போய் உட்கார்ந்தாள்.

"கோலியாத், சாரெல் யோஹானஸ்."

யாரோ அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்தார்கள். சாரெல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நடந்தார். அவருடைய மேசை ரொவீனாவுக்கு நேர் பின்னால் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் தோள்கள் அப்படியே விறைத்து நின்றதை அவர் பார்த்தார். மூன்று மணி நேரமும் அந்த ஸ்வெட்டரின் கழுத்தும் பின்னலும்தான் அவர் கண் முன்னே இருந்தன. இந்த முறை சுருக்கி எழுத வந்த பத்தி தேனீக்களைப் பற்றியது. மச்சானைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கேட்டதை மட்டும் எழுதினார்.

பரீட்சை முடிந்து ரொவீனா வாடகை வண்டி நிறுத்தத்தை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தாள். சாரெல் காரை அவள் பக்கத்தில் ஓரங்கட்டினார்.

"ஏறும்மா. குளிர்ல நிக்காதே."

கொஞ்சம் யோசித்துவிட்டு ஏறினாள். முன்னிருக்கை காலியாக இருந்தும் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

அவுட்ஸ்ஹோர்ன் எல்லையைத் தாண்டி, நெருப்புக்கோழிகள் வேலியோரம் நிற்கிற பண்ணைகளைத் தாண்டி, கார் மலை ஏற ஆரம்பித்தது.

"எப்பலேர்ந்து மாமா?" என்றாள் பின்னாலிருந்து.

"போன வருஷத்துலேர்ந்து."

"அப்ப அந்த ஆட்டுக்கறி விருந்து?"

சாரெல் சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

"எங்ககிட்ட வந்து பேசினீங்களே? அப்பவுமா?"

"அப்பவுந்தான்."

"நான் கேட்டேன் மாமா. எழுந்து நின்னு கேட்டேன்." அவள் குரல் உடைந்தது. "நீங்க சொன்னீங்கன்னுதான் அந்தப் புஸ்தகத்தையே நான் தொடல. ஆஃப்ரிகான்ஸுக்கு முந்தின நாள் உக்காந்து அறிவியல் படிச்சேன். அம்மா தினம் உங்க பேரைச் சொல்லித்தான் என்னைத் திட்டறா, தெரியுமா? சாரெலைப் பாரு, சாரெலைப் பாருன்னு."

எந்தச் சங்கடத்துக்கும் ஒரு கதை வைத்திருக்கும் மனுஷர். இப்போது கியரை மட்டும் மாற்றினார். கண்ணாடியில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவது தெரிந்தது. க்ளைன்பொஸ் தேவாலயத்தின் கோபுரம் கண்ணில் பட்டதும்தான் பேச்சு வந்தது. வந்த பேச்சு இதுதான்:

"ஊர்ல சொல்லிடாதேம்மா. டோராவுக்குத் தெரியாது."

ரொவீனா கண்ணாடியில் அவர் கண்களைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை. இவ்வளவுதானா நீங்கள் என்பது போல ஒரு பார்வை.

"சரி மாமா" என்றாள். தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டாள். வளர்த்த விதம் அப்படி, இறங்கும்போது நன்றி வேறு சொன்னாள்.

ஆஃப்ரிகான்ஸின் மிச்சத் தாள்களை எழுத அவள் முன்கூட்டியே சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். கூடத்தில் அதே முன் மேசை, அதே முதுகு. முடிந்ததும் அவர் எழுவதற்குள் போய்விடுவாள்.

ஜூன் கடைசிச் சனிக்கிழமை தேவாலயத்துச் சந்தை. ஒரு பக்கம் கேக் ஏலம், ஒரு பக்கம் பழைய துணி, கதவோரத்தில் பேன்கேக். நீளமான வரிசை எப்போதும் அங்கேதான். ரொவீனா இரண்டு அடுப்பில் பேன்கேக் சுட்டுக்கொண்டிருந்தாள், கத்திரீனா லவங்கப்பட்டைச் சர்க்கரை தூவிச் சுருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். டோரா பக்கத்து மேசையில் தேநீர் ஊற்றினாள். சாரெல் வழக்கம்போல் மைக்கோடு கூடம் முழுக்க வளையவந்தார். அவர் பேன்கேக் பக்கம் வந்தபோது கத்திரீனா வரிசைக்கே கேட்கும்படி சொன்னாள்:

"சாரெலுக்கு ரெண்டா குடு! பரீட்சை பாஸ் பண்ணின ஆளு. நாம ஃபெயிலானவங்க, சுட்டுக் குடுக்கத்தான் லாயக்கு."

வரிசையில் சிலர் சிரித்தார்கள். ரொவீனா நிமிரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு, கழுத்தெல்லாம் சிவந்துபோய், மாவை ஊற்றிக் கொண்டிருந்தாள். இன்னொரு தடவை "விடு கத்திரீனா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். கால்கூடத் திரும்பிவிட்டது. ஆனால் மைக்கை அணைத்து மேசைமேல் வைத்துவிட்டு நின்றார்.

"கத்திரீனா, நான் பாஸ் பண்ணல."

கத்திரீனா சிரித்தாள். வரிசையும் சிரித்தது.

"நிஜமாத்தான் சொல்றேன். ஆஃப்ரிகான்ஸ்ல நான் ஃபெயில்."

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு வந்தது. "சாரெல் மாமா ஆஃப்ரிகான்ஸ்ல ஃபெயிலாம்! அப்ப மீனுக்கு நீச்சல்ல ஃபெயில்!" என்றான் ஒருவன். "மூஞ்சியைப் பாரு, அழற மாதிரியே வெச்சிருக்காரு. மைக்ல சொல்லுங்க மாமா, எல்லாரும் கேக்கட்டும்!" என்றான் இன்னொருவன். கத்திரீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் பொண்ணு மேல இரக்கப்பட்டுச் சொல்றார்ப்பா. தங்கமான மனுஷன்" என்றாள்.

சாரெல் சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் வாயால் இந்த ஊரில் எதைச் சொன்னாலும் அது வேடிக்கைதான். "நான் விளையாடல" என்றார். அதற்கும் சிரித்தார்கள். அவருக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அதையும் நடிப்பு என்றே நினைத்தார்கள்.

ரொவீனா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உண்மைதாம்மா. அவுட்ஸ்ஹோர்ன்ல என் பின்னாடி உக்காந்துதான் எழுதினார்."

சிரிப்பு முன்வரிசையில் முதலில் நின்றது, பிறகு பின்னால். கத்திரீனா மகளையும் சாரெலையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"தெரிஞ்சுமாடி நீ எங்கிட்ட வாயைத் தெறக்கல? நான் இவ்வளவு பேசியும்?"

"சொல்லாதேன்னு மாமா கேட்டுக்கிட்டார்."

அதைச் சொல்லும் எண்ணம் சாரெலுக்கு இருக்கவில்லை. தோற்றதைச் சொன்னால் போதும் என்றுதான் நினைத்திருந்தார். இப்போது அந்தக் கூடத்துக்கு நடுவே துணியில்லாமல் நிற்பது போல் இருந்தது.

"ஃபெயிலாறது ஒண்ணும் பெரிசில்ல சாரெல்" என்றாள் கத்திரீனா, மெதுவாக. அவள் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "யார்தான் ஃபெயிலாகல? இந்தப் புள்ளையைப் போயி உன் பொய்யைச் சுமக்கச் சொன்னியா நீ? அதுவும் நான் அவளைப் போட்டு இடிக்கறதைப் பாத்துக்கிட்டே?"

அடுப்பில் பேன்கேக் கருகிப் புகைந்தது. யாரோ கை நீட்டி காஸை அணைத்தார்கள். பக்கத்து மேசையில் டோரா தேநீர்க் கெட்டிலைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவள் முன்னால் இருந்த கோப்பை நிரம்பி, மேசைத்துணியெல்லாம் வழிந்திருந்தது.

சாரெல் நடந்தே வீட்டுக்குப் போனார். டோரா சாயங்காலம் பாத்திரங்களோடு வந்தாள். அவரைப் பார்க்காமல் எல்லாவற்றையும் கழுவி அடுக்கினாள். கடைசித் தட்டைத் துடைத்து முடித்தபிறகுதான் பேசினாள்.

"என் தம்பி ஆட்டை அறுத்தான்."

"தெரியும்."

"கிளினிக்குக்கு வந்த ஒவ்வொரு நோயாளிகிட்டயும் சொன்னேன். ஊசி போட்டுக்கிட்டு அழறவங்ககிட்டகூட. நான் என்ன, ஃபெயில்னு சொன்னா உன்னை வீட்டை விட்டா தொரத்தியிருப்பேன்?"

"இல்ல. தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவர் அவள் துடைத்த தட்டை எடுத்து அலமாரியில் வைத்தார். டோரா பல நாள் அவரோடு வேலைக்கு வேண்டிய வார்த்தை மட்டும் பேசினாள்.

அடுத்து ஊரில் வந்த கல்யாணத்தில் மைக்கைக் கூட்டுறவுக் கடைக் கணக்கர் பிடித்தார். அவர் மணமகளின் பெயரையே தப்பாகச் சொன்னார். யாரும் சாரெலைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க எல்லோரும் பாடுபட்டது நன்றாகவே தெரிந்தது. போதகர் ஏபெல்ஸ் கை குலுக்கும்போது முன்பைவிட நேரம் பிடித்து வைத்திருந்தார், அது இன்னும் மோசமாக இருந்தது. பஸ்ஸில் பிள்ளைகள்தான் ஒளிவு மறைவில்லாமல் கேட்டார்கள். "மாமா, 'வெள்ளிக்கிழமை' எப்படி எழுதறது? எந்த எழுத்து முதல்ல?" அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சரியாகச் சொல்லுவார். காது சுடும். ஆனாலும் சொல்லுவார். கொஞ்ச நாளில் சிலர் நிஜமாகவே சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள். "அதை டீச்சர்கிட்ட கேளு" என்று அனுப்பிவிடுவார்.

ஆகஸ்ட்டில் முடிவு வருவதற்கு முன்பே மேற்பார்வையாளர் வேலைக்கு வெளியூரிலிருந்து ஓர் இளைஞனைப் போட்டுவிட்டார்கள். நல்ல பையன். சாரெலை "அண்ணே" என்று கூப்பிட்டான்.

முடிவு வந்த அன்று சாரெல் முதலில் கடைக்குத்தான் போனார். கத்திரீனா அவருடைய ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டே, ரொட்டியிடம் சொல்வது போல், "பாஸாயிட்டா. வர்ற ஜனவரி ஜார்ஜுக்குப் போறா" என்றாள்.

"ரொம்ப சந்தோஷம் கத்திரீனா. அவகிட்ட..." என்று ஆரம்பித்தார். பின்கட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. ரொவீனா உள்ளே மூட்டைகளுக்கு நடுவே யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவர் குரலைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. "அவகிட்ட சொல்லு, நான் கேட்டேன்னு."

"சொல்றேன்" என்றாள் கத்திரீனா. மிச்சக் காசை அவர் கையில் வைக்காமல் மேசைமேல் வைத்தாள்.

வீட்டில் டோரா துணி மடித்துக்கொண்டிருந்தாள். சாரெல் வாசலிலேயே நின்றார்.

"பாஸ்" என்றார். "ஆஃப்ரிகான்ஸ். எல்லைக்கோட்டுல."

டோரா மடிப்பதை நிறுத்தவில்லை. கையிலிருந்த தலையணை உறையை நான்காக மடித்து அடுக்கின் மேல் வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"காட்டு."

அவர் கைபேசியை நீட்டினார். அவள் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், பெயரில் ஆரம்பித்து, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள். சாரெல் தொப்பியைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தார், அவள் படித்து முடிக்கும்வரை.